காலடியில் ஒரு கணப்பு

தென் கொரியாவின் தலைநகரான சியோலில் ஒரு ஜனவரி இரவு. வெளியே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பதினான்காவது மாடியில் ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்ப்போம். வீட்டார் எல்லாரும் மெல்லிய பருத்தி உடையில், வெறுங்காலுடன், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக் கொண்டிருக்கிறார்கள். மூலையில் அடுப்பு எதுவும் இல்லை. சுவரோரம் வெந்நீர்க் கணப்பு இல்லை. சூடான காற்றை ஊதும் விசிறியும் இல்லை. அப்படியானால் இந்த வீட்டுக்கு வெப்பம் எங்கிருந்து வருகிறது?

அவர்கள் உட்கார்ந்திருக்கும் தரையிலிருந்துதான்! தரைக்குள் நீண்ட குழாய் ஒன்று சுருண்டு கிடக்கிறது. அதில் வெதுவெதுப்பான நீர் மெல்ல ஓடிக்கொண்டே இருக்கிறது. தரை முழுவதுமே ஒரு பெரிய கணப்பாக வேலை செய்கிறது.

பதினான்காவது மாடி என்று சொன்னதைக் கவனித்தீர்களா? விஷயமே அங்கேதான் இருக்கிறது. இந்த வீட்டின் தரை என்பது பதின்மூன்றாவது மாடி வீட்டின் கூரை. வெப்பம் மேல்நோக்கி மட்டுமே செல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். சூடான காற்றுதான் மேலே எழும், வெப்பம் அப்படியல்ல. திடப் பொருளில் அது மேலும் கீழும் பக்கவாட்டிலும், எங்கெல்லாம் குளிர்ச்சி இருக்கிறதோ அங்கெல்லாம் பாயும். எரிவாயுக் கட்டணத்தைக் கட்டுகிறவர் மேல் வீட்டுக்காரரா, கீழ் வீட்டுக்காரரா என்பது அதற்குத் தெரியாது. எனவே அடுக்குமாடி வீட்டில் தரையைச் சூடாக்குவது என்றால், சூடாக்குவது பாதி வேலைதான். அந்த வெப்பம் கீழே இறங்கிவிடாமல் தடுப்பது மற்றொரு பாதி. இந்த இரண்டாவது பாதியைச் செய்வது என்ன தெரியுமா? உங்களுக்கு மிகவும் பழக்கமான ஒரு பொருள். பள்ளிக் கண்காட்சிக்கு மாதிரிகள் செய்ய நீங்கள் அறுத்து ஒட்டும் தெர்மோகோல்!

புகை ஓடிய தரை

தரையைச் சூடாக்கும் கலை கொரியர்களுக்குப் புதிதல்ல. 2,000 ஆண்டுகளுக்கும் முன்பே அந்த நிலப்பகுதியில் இம்முறை இருந்ததற்கு அகழ்வாய்வுச் சான்றுகள் உண்டு. இதற்கு ‘ஒண்டோல்’ என்று பெயர். வீட்டின் ஒரு புறம், தரை மட்டத்துக்குக் கீழே, சமையல் அடுப்பு. எதிர்ப்புறம் புகைபோக்கி. இரண்டுக்கும் இடையே, அறையின் தரைக்கு அடியில், பல கால்வாய்கள். அவற்றின் மீது தட்டையான கற்பலகைகளைப் பாவி, களிமண் பூசி, அதன்மேல் எண்ணெய் ஊட்டிய தடித்த காகிதத்தை ஒட்டிவிடுவார்கள். அடுப்பில் சோறு வேகும்போது சூடான புகை கால்வாய்களின் வழியே ஓடி மறுபுறம் வெளியேறும். கற்கள் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். அடுப்பு அணைந்த பிறகும் பல மணி நேரம் தரை இதமாக இருக்கும். பண்டைய ரோமானியரும் தங்கள் குளியலறைகளை இதே தத்துவத்தில்தான் சூடாக்கினார்கள். ஆனால் சாதாரணக் குடியானவன் வீடு வரை இதைக் கொண்டு சென்று இன்றுவரை விடாமல் வைத்திருப்பவர்கள் கொரியர்களே. 2018-ஆம் ஆண்டில் தென் கொரிய அரசு ஒண்டோல் பண்பாட்டைத் தன் நாட்டு மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது.

இந்த முறையில் ஒரு குறை இருந்தது. அடுப்பை ஒட்டிய பகுதி கொதிக்கும். புகைபோக்கியை ஒட்டிய பகுதி சில்லிட்டிருக்கும். சூடான இடத்தில் பாட்டனாரையோ விருந்தினரையோ உட்கார வைப்பது மரியாதை. நேரம் கழித்து வீடு திரும்புகிறவருக்கான சோற்றுக் கிண்ணத்தையும் அங்கேதான் போர்வையால் மூடி வைப்பார்கள்.

1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. விறகுக்காக மரங்களை வெட்டி வெட்டி மலைகள் மொட்டையாகிவிட்டிருந்தன. நகரங்களில் மக்கள் பெருகினார்கள். விறகின் இடத்தை நிலக்கரித் தூளை அழுத்திச் செய்த உருளை வடிவக் கட்டிகள் பிடித்தன. தேன்கூடு போல மேலிருந்து கீழாகத் துளைகள் உள்ள இந்தக் கட்டிக்கு ‘யொன்டான்’ என்று பெயர். 22 துளைகளும் சுமார் மூன்றரைக் கிலோ எடையும் கொண்டது பிற்காலத்தில் வழக்கமான அளவு. விலை மலிவு. நின்று நிதானமாக எரியும். நடு இரவில் ஒரு முறை எழுந்து கட்டியை மாற்றினால் போதும்.

ஆனால் கரி நிதானமாக எரிகிறது என்றால் என்ன பொருள்? போதிய ஆக்சிஜன் இன்றி எரிகிறது என்று பொருள். அப்போது கார்பன் டையாக்சைடுடன் கார்பன் மோனாக்சைடும் உண்டாகும். இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்வதைவிட 200 மடங்குக்கும் அதிகமான நாட்டத்துடன் இதைப் பற்றிக்கொள்ளும். தரைக் களிமண்ணில் தலைமுடி அளவு விரிசல் இருந்தால் போதும். கீழே ஓடும் வாயு அறைக்குள் கசிந்துவிடும். குளிருக்காகக் கதவு சன்னல்களை இறுக மூடிக்கொண்டு படுத்த குடும்பங்கள் காலையில் எழுந்திருக்கவில்லை. இப்படி ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். மயங்கிக் கிடப்பவருக்கு முள்ளங்கி ஊறுகாயின் நீரைப் புகட்டுவது அந்நாளைய கை வைத்தியம். அதனால் பயன் இல்லை. காற்றோட்டமான இடத்துக்குத் தூக்கிச் சென்று ஆக்சிஜன் கொடுப்பதுதான் உயிரைக் காக்கும். (மூடிய அறையில் கரியடுப்பை வைத்துக்கொண்டு தூங்குவது நம் மலைப்பகுதிகளிலும் இதே காரணத்தால்தான் ஆபத்தானது. உதகைக்கோ கொடைக்கானலுக்கோ போகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.)

நெருப்பு வெளியே, நீர் உள்ளே

தீர்வு எளிமையானது. நெருப்பைத் தரைக்கு அடியிலிருந்து அப்புறப்படுத்திவிட வேண்டும். கொதிகலனை வேறொரு மூலையில் வைத்து, வெப்பத்தை மட்டும் தண்ணீரில் ஏற்றித் தரைக்குள் அனுப்ப வேண்டும். புகை ஓடிய இடத்தில் நீர் ஓடும்.

வெப்பத்தைச் சுமப்பதில் நீருக்கு நிகரான பொருள் கிடைப்பது அரிது. ஒரு கிலோ நீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் 4,200 ஜூல் வெப்பத்தை வெளியிடும். 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு 12 சதுர மீட்டர். ஓரளவு நன்றாகக் கட்டப்பட்ட வீடானால், கடுங்குளிரில் சதுர மீட்டருக்கு 50 வாட், ஆக 600 வாட் வெப்பம் தேவைப்படும். குழாய்க்குள் நுழையும் நீர் 7 டிகிரி குளிர்ந்து திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு எவ்வளவு நீர் ஓட வேண்டும்? நீங்களே வகுத்துப் பாருங்கள். ஒன்றேகால் லிட்டருக்கும் சற்றுக் குறைவு என்று விடை வரும். அதாவது, ஒரு சொம்பு நீர்!

கொரியாவுக்கு வெளியே இந்தக் கருத்து பரவியதில் ஒரு சுவையான கதை உண்டு. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் இம்பீரியல் ஹோட்டல் தொடர்பாக டோக்கியோ சென்றிருந்தபோது, ஒரு குளிர்கால இரவில் ஒரு பிரபுவின் மாளிகையில் விருந்துண்டார். உணவுக் கூடத்தில் குளிர் வாட்டியது. பிறகு விருந்தினரை ‘கொரிய அறை’க்கு அழைத்துச் சென்றார்கள். உள்ளே நுழைந்ததும் பருவமே மாறிவிட்டது போல இருந்ததாம். கணப்பு எங்கே என்று தேடியும் தென்படவில்லை. இதை அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1937-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் அவர் கட்டி முடித்த ஜேக்கப்ஸ் இல்லத்தில் தரைத் தளத்துக்கு அடியில் இரும்புக் குழாய்களைப் பதித்தார். போருக்குப் பின் நியூயார்க் அருகே லெவிட்டவுனில் ஆயிரக்கணக்கில் எழுந்த வீடுகளிலும் கான்கிரீட் தரைக்குள் செம்புக் குழாய்கள் இருந்தன. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லப் பல வீடுகளில் அவை கசியத் தொடங்கின. சுவரில் கசிந்தால் பூச்சைப் பெயர்க்கலாம். தரைக்குள் கசிந்தால்? வீட்டையே பெயர்க்க வேண்டியதுதான். பலர் அந்தக் குழாய்களை அப்படியே கைவிட்டார்கள்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது வேதியியல். பாலிதீன் என்பது இடியாப்பம் போல நீண்ட இழைகளாலான மூலக்கூறுகளின் கூட்டம். சூடு பட்டால் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் பொருள் இளகிவிடும். இழைகளுக்கு இடையே ஆங்காங்கே முடிச்சுப் போட்டுவிட்டால்? இளகாது, உருமாறாது. இரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்து வன்மையூட்டுவதும் இது போன்றதுதான். 1960-களின் இறுதியில் ஜெர்மானியரான தாமஸ் எங்கல் பெராக்சைடைக் கொண்டு பாலிதீனில் இத்தகைய குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்கிக் குழாய் செய்யும் வழியைக் கண்டார். துருப்பிடிக்காத, வளைத்துச் சுருட்டக்கூடிய, வெந்நீரை ஆண்டுக் கணக்கில் தாங்கும் குழாய் பிறந்தது. இணைப்பே இல்லாமல் நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரே துண்டாகப் பதிக்கலாம். இணைப்பு இல்லையேல் கசிவும் இல்லை.

முதலில் இதிலும் ஒரு வில்லங்கம் முளைத்தது. பிளாஸ்டிக் சுவரின் வழியே காற்றிலுள்ள ஆக்சிஜன் மெல்ல மெல்ல உள்ளே புகுந்து நீரில் கரைந்தது. குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கொதிகலனின் இரும்பு துருப்பிடித்துச் சேறாகி எல்லாவற்றையும் அடைத்தது. இப்போது குழாயின் மேல் ஆக்சிஜனை விடாத மெல்லிய படலம் ஒன்றைச் சேர்த்தே தயாரிக்கிறார்கள்.

பாயும் மொசெய்க்கும்

இனி, கீழே இறங்கும் வெப்பத்தைத் தடுக்கும் பலகைக்கு வருவோம். அதற்கு முன் ஒரு சோதனை. மார்கழி மாதக் காலையில் உங்கள் வீட்டு மொசெய்க் தரையில் ஒரு காலையும், அதன்மேல் இரவெல்லாம் விரிந்து கிடந்த கோரைப் பாயில் மறு காலையும் வையுங்கள். மொசெய்க் குளிரும், பாய் குளிராது. வெப்பமானி வைத்துப் பார்த்தால் இரண்டின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றே! வேறுபாடு வெப்பநிலையில் இல்லை. காலின் வெப்பத்தை எவ்வளவு விரைவாக அவை உறிஞ்சுகின்றன என்பதில் இருக்கிறது.

பாய் ஏன் மெதுவாக உறிஞ்சுகிறது? கோரையின் தண்டுக்குள் அடைபட்ட காற்று இருக்கிறது. அசையாமல் நிற்கும் காற்றைவிடச் சிறந்த அரிதிற் கடத்தி நமக்கு மலிவாகக் கிடைப்பதில்லை. ஆனால் காற்று அசைந்தால் வெப்பச் சலனத்தால் வெப்பத்தைத் தூக்கிச் சென்றுவிடும். எனவே அதைச் சின்னஞ்சிறு அறைகளில் சிறை வைக்க வேண்டும். தெர்மோகோல் அப்படிப்பட்ட சிறைதான். பாலிஸ்டைரீன் மணிகளை நீராவியில் பொரியைப் போல உப்ப வைத்து ஒன்றோடொன்று ஒட்டச் செய்த பலகை அது. அதன் கன அளவில் நூற்றுக்கு 98 பங்கு காற்று. பெட்டிகளில் பொருளைப் பொதிய வரும் தெர்மோகோலைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும். தரைக்கென்று செய்வது அடர்ந்த ரகம். அதன் மேல் பரப்பிய சிமென்ட் தளம் பாரத்தைப் பகிர்ந்து கொடுப்பதால் பீரோவும் புத்தக அலமாரியும் அதை நசுக்குவதில்லை.

கான்கிரீட்டின் வெப்பக் கடத்து எண் சுமார் 1.6. தெர்மோகோலுக்குச் சுமார் 0.036. வகுத்தால் 40 மடங்குக்கு மேல். அதாவது, 30 மில்லிமீட்டர் தெர்மோகோல் செய்யும் வேலையைக் கான்கிரீட்டால் செய்ய வேண்டுமானால் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் தடிமன் வேண்டும்!

ஒரு சிறு கணக்குப் போடுவோம். தடிமனைக் கடத்து எண்ணால் வகுத்தால் வருவது வெப்பத்தடை. சியோல் வீட்டில் கான்கிரீட் தளத்தின் தடிமன் 210 மி.மீ. அதன் தடை 0.13. கீழ் வீட்டுக் கூரையை ஒட்டிய காற்றுப் படலத்தின் தடை 0.17. ஆகக் கீழ்நோக்கிய பாதையின் தடை 0.30. மேல்நோக்கிய பாதையில் சிமென்ட் பூச்சு, தரை விரிப்பு, காற்றுப் படலம் மூன்றும் சேர்ந்து 0.18 என்று கொள்வோம். மேல் வீடும் கீழ் வீடும் ஒரே வெப்பநிலையில் இருந்தால், வெப்பம் தடைக்கு எதிர் விகிதத்தில் பிரியும். மேலே 5 பங்கு போனால் கீழே 3 பங்கு போகும். நமக்கு வேண்டிய 600 வாட் மேலே வர, 360 வாட் கீழ் வீட்டுக்குத் தானம்!

இப்போது நடுவே 30 மி.மீ. தெர்மோகோலை வைப்போம். அதன் தடை 0.83. கீழ்ப்பாதையின் தடை 1.13 ஆகிவிடுகிறது. மேலே 600 வாட் போகும்போது கீழே போவது சுமார் 95 வாட்தான். இப்படி ஒரு முழு நாள் ஓடினால், ஒரே ஓர் அறையில் மிச்சமாகும் வெப்பம் மின்சாரக் கணக்கில் சொன்னால் 6 யூனிட்டுக்கு மேல்.

“மேல் வீட்டார் எனக்குத் தருகிறார், நான் கீழ் வீட்டாருக்குத் தருகிறேன், கணக்கு நேராகிவிடாதா?” என்று உங்களில் ஒருவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. உச்சி மாடிக்காரருக்கு யார் தருவார்? கீழ் வீடு பூட்டிக் கிடந்தால்? அடித்தளத்தில் வீடே இல்லாமல் கார் நிறுத்துமிடம் இருந்தால்? அதுமட்டுமல்ல, உங்கள் அறையின் வெப்பநிலை அண்டை வீட்டாரின் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிடும். ஆகவேதான் ஐரோப்பிய விதிகள் கீழே என்ன இருக்கிறது என்பதைப் பார்த்துத் தடையை நிர்ணயிக்கின்றன. கீழே சூடாக்கப்பட்ட வீடு இருந்தால் குறைந்தது 0.75, மண்ணோ சூடாக்கப்படாத அறையோ இருந்தால் 1.25, உறைபனிக் காற்று நேரே படும் தளமானால் 2. தடிமனாகச் சொன்னால் முறையே 27, 45, 72 மி.மீ. தெர்மோகோல்.

தரை எழும்பும் விதம்

முதலில் கான்கிரீட் தளத்தைக் கூட்டிப் பெருக்கி மேடு பள்ளம் நீக்குகிறார்கள். ஒரு சிறு கல் துருத்தி நின்றாலும் பலகை ஆடும். ஆடும் பலகைமேல் போட்ட பூச்சு வெடிக்கும். பிறகு நான்கு சுவர்களின் ஓரத்திலும் மென்மையான நுரைப் பட்டையை ஒட்டுகிறார்கள். இது எதற்கு? 6 மீட்டர் நீளமுள்ள சிமென்ட் தளம் 15 டிகிரி சூடேறினால் சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று அலட்சியம் செய்தால், சுவரோடு முட்டிக்கொண்டு நடுவில் விரிசல் விடும்.

பிறகு தெர்மோகோல் பலகைகள். செங்கல் அடுக்குவது போல மூட்டுக்கு மேல் மூட்டு வராமல், இடைவெளியின்றி நெருக்கி அடுக்குகிறார்கள். அதன்மேல் பாலிதீன் விரிப்பு. என் கணிப்பில் வேலை முழுவதிலும் மிகுந்த கவனம் வேண்டியது இங்கேதான். விரிப்பில் ஓட்டை இருந்து, ஈரச் சிமென்ட் பலகைகளின் இடுக்கில் இறங்கிக் கெட்டிப்பட்டால், மேல் தளத்துக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே ஒரு பாலம் உண்டாகிவிடும். வெப்பம் அதன் வழியே நடந்து போய்விடும். ஒலியும்தான், அதைப் பிறகு பார்ப்போம். மூடிய பின் இந்தத் தவறை எவராலும் கண்டுபிடிக்க முடியாது. கீழ் வீட்டுக்காரர்தான் கண்டுபிடிப்பார்.

கொரியாவில் பலகையின்மேல் 40 மி.மீ. அளவுக்கு நுரைக் கான்கிரீட்டை ஊற்றி, அதன்மேல் குழாயைப் பதிப்பது வழக்கம். ஐரோப்பாவில் வேறு வகைப் பலகையும் உண்டு. இட்லித் தட்டைக் கவிழ்த்துப் போட்டது போல மேற்புறம் முழுவதும் குமிழ்கள் இருக்கும். குமிழ்களுக்கு இடையே குழாயைக் காலால் மிதித்தே பொருத்திவிடலாம். ஆணியும் வேண்டாம், கட்டுக்கம்பியும் வேண்டாம்.

குழாயை எந்த வடிவில் வளைப்பது? பாம்பு நெளிவது போலக் கொண்டுபோனால், நீர் நுழையும் பக்கம் சூடாகவும் திரும்பும் பக்கம் குளிர்ந்தும் இருக்கும். பாட்டனார் உட்கார்ந்த மூலையின் கதைதான் திரும்பும். எனவே நத்தையின் ஓடு போல, வெளியிலிருந்து நடுவுக்குச் சுற்றிச் சென்று, அதே சுற்றுகளின் இடைவெளியில் திரும்பி வரும்படி அமைக்கிறார்கள். ஒவ்வொரு சூடான குழாய்க்கும் பக்கத்தில் ஓர் ஆறிய குழாய் அமைவதால் தரை சீராகச் சூடேறுகிறது. குழாய்களுக்கு இடையே 150 மி.மீ. இடைவெளி விட்டால் நம் 12 சதுர மீட்டர் அறைக்கு 80 மீட்டர் குழாய் வேண்டும்.

சிமென்ட் பூசுவதற்கு முன் குழாயில் நீரை நிரப்பிக் காற்றழுத்தத்தைப் போல 4 முதல் 6 மடங்கு அழுத்தம் கொடுத்துச் சோதிக்கிறார்கள். அழுத்தம் குறையாமல் இருக்கும்போதே பூச்சையும் இடுகிறார்கள். பிறகு பொறுமை! சிமென்ட் பூச்சு இறுக 21 நாட்கள் காத்திருந்தபின்தான் முதன்முதலாக வெந்நீர் விட வேண்டும். அதிலும் முதல் 3 நாட்கள் 25 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. அவசரக்காரர் வீட்டுத் தரை விரிசல்களால் தேசப்படம் வரைந்துகொள்ளும்.

தரையின் மேற்பரப்பு எவ்வளவு சூடாகலாம்? மக்கள் புழங்கும் இடங்களில் 29 டிகிரி என்பது ஐரோப்பிய வரம்பு. நம்மூர்க் கோடையில் அறைக் காற்றே அதைவிடச் சூடாக இருக்கும்! நம் கணக்கிலுள்ள 600 வாட்டுக்கு, அறை 20 டிகிரியில் இருக்கும்போது தரை 25 டிகிரி இருந்தாலே போதும். இத்தனை குறைந்த சூட்டில் வேலை நடப்பதன் இரகசியம் தரையின் பரப்பு. சிறிய கணப்பு கொதித்துச் செய்ய வேண்டியதை அகன்ற தரை வெதுவெதுப்பாக இருந்தே செய்துவிடுகிறது. அதில் பாதிக்கும் மேற்பட்ட வெப்பம் கதிர்வீச்சாகவே சுவருக்கும் கூரைக்கும் நமக்கும் வந்து சேருகிறது.

ஆனால் இந்தத் தரை சோம்பேறி. 40 மி.மீ. பூச்சு 12 சதுர மீட்டரில் ஏறத்தாழ ஒரு டன் எடை. அதை 5 டிகிரி சூடாக்க 600 வாட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். விசையைத் தட்டியதும் சூடு வேண்டும் என்பவருக்கு இது சரிப்படாது.

அந்த ஒரு டன்னே சில கட்டடங்களில் தடையாகிறது. மர உத்திரங்கள் தாங்கும் பழைய மாடி வீடுகளில் இவ்வளவு பாரத்தை ஏற்ற முடியாது. அங்கே சிமென்ட்டே இல்லாத ‘உலர்’ முறை கைகொடுக்கிறது. பள்ளம் வெட்டிய தெர்மோகோல் பலகையில் மெல்லிய அலுமினியத் தகடுகளைப் பதித்து, அந்தப் பள்ளத்தில் குழாயை அழுத்தி, மேலே மரப்பலகையோ ஜிப்சம் பலகையோ போட்டு மூடிவிடுகிறார்கள். எளிதிற் கடத்தியான அலுமினியம் குழாயின் சூட்டைப் பக்கவாட்டில் பரப்புகிறது. எடை குறைவு, காத்திருக்கவும் வேண்டாம், விரைவில் சூடேறும்; விரைவில் ஆறியும் விடும்.

மேல் மாடியில் ஓடும் குழந்தை

தென் கொரியாவில் பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றன. அங்கே அண்டை வீட்டாரிடையே நடக்கும் சச்சரவுகளில் மிகப் பெரியது மேல் வீட்டுக் காலடிச் சத்தம். சச்சரவு முற்றி அடிதடியில் முடிந்ததும் உண்டு. தரைப் பலகைமேல் இப்போது இரண்டாவது பொறுப்பு வந்து விழுந்திருக்கிறது. வெப்பத்தோடு சத்தத்தையும் அது தடுக்க வேண்டும்.

கரண்டி விழுவது, நாற்காலியை இழுப்பது போன்ற கூர்மையான ஒலிகளை மெத்தென்ற பலகை எளிதில் விழுங்கிவிடுகிறது. குழந்தை குதிகாலால் ‘தொம் தொம்’ என்று ஓடுவதுதான் சவால். அந்த ஒலியின் பெரும்பகுதி 100 ஹெர்ட்ஸுக்கும் குறைந்த அதிர்வெண் கொண்டது. பலகையின் மேல் கிடக்கும் சிமென்ட் தளத்தை, வில்லின்மேல் வைத்த ஒரு பாரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். எந்த வில்லுக்கும் பாரத்துக்கும் ஓர் இயல் அதிர்வெண் உண்டு. இந்தத் தரைகளில் அது பெரும்பாலும் 50-க்கும் 100-க்கும் இடையே வந்து விழுகிறது. குழந்தையின் ஓட்டமும் அதே எல்லையில். விளைவு, ஒத்ததிர்வு! தடுக்க வேண்டிய பலகை சில வேளைகளில் சத்தத்தைச் சற்றுக் கூட்டியே அனுப்பிவிடுகிறது. இன்னும் மென்மையான பலகை போட்டால் அதிர்வெண் இறங்கும். ஆனால் மேலே உள்ள பூச்சு பாரம் தாங்காமல் விரிசல் விடும். கான்கிரீட்டைத் தடிமனாக்கினால் பயன் உண்டு. செலவும் கட்டடத்தின் எடையும் ஏறும். பொறியியலாளர்கள் இந்த இழுபறியில் இன்னும் மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறார்கள்.

முன்பெல்லாம் கட்டுவதற்கு முன்பே ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதிரித் தரையைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள். கட்டி முடித்த வீட்டில் சத்தம் எப்படி என்று எவரும் பார்ப்பதில்லை. 2022 ஆகஸ்டிலிருந்து விதி மாறியது. அதன்பின் அனுமதி பெறும் கட்டடங்களில் வேலை முடிந்ததும் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து அளக்கிறார்கள். கீழ் வீட்டில் கேட்கும் ஒலி 49 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. கூர்மையான ஒலிக்கு, அரைக் கிலோ எடையுள்ள ஐந்து எஃகுச் சுத்தியல்கள் மாறி மாறித் தட்டும் பெட்டி ஒன்று இருக்கிறது. குழந்தைக்குப் பதிலாக ஒரு இரப்பர் பந்து. எடை 2.5 கிலோ. அதை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே விடுகிறார்கள். கீழ் வீட்டில் ஒலிமானியுடன் ஒருவர் காத்திருக்கிறார்.